வேடிக்கை அக்கவுண்ட்

மனித குலத்தில் இரண்டே பிரிவுதான் உண்டு. பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கள் ஒரு பிரிவு. மாற்றவும் அனுமதி உள்ளவர்கள் இன்னொரு பிரிவு. ஆண், பெண், முதலாளி, தொழிலாளி, வடசென்னை, தென்சென்னை என்பதெல்லாம் வேலையற்றவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவன் செங்குட்டுவன். கண்டுபிடித்த இடம், திருவொற்றியூரில் கடலுக்கும் லாரிகளுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த ஒரு கண்டெய்னர் யார்டின் மாடியறை. ஆண்டு 2003. கண்டுபிடித்தவன் வயது இருபத்து மூன்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவன் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. கேட்டவர்களில் யாராவது சிரித்தால், பாவம், இவனும் முதல் பிரிவுதான் என்று மனசுக்குள் குறித்துக்கொள்வான்.

யார்டில் கேட், எடைமேடை, கிடங்கு, சுங்க அறை, ஆவண அறை என்று ஐந்து இடங்களில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஐந்தையும் ஒன்றோடொன்று பேசவைக்க ஒரு நெட்வொர்க். அந்த நெட்வொர்க் உயிரோடு இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்க்க ஒரு மென்பொருள். திரையில் யார்டின் படம் வரும்; இடத்துக்கு ஒரு புள்ளி. இணைப்பு இருந்தால் பச்சை, போனால் சிவப்பு. மென்பொருளுக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. யார்டுக்காரர்கள் அதை 'மேப்பு' என்று சுருக்கி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

மேப்பைப் பார்க்கப் பதினான்கு பேருக்கு அக்கவுண்ட் உண்டு. பதினான்கையும் திறந்துவைத்தவன் செங்குட்டுவன். அதில் பதின்மூன்று 'வியூ ஒன்லி'. அவர்கள் புள்ளியைப் பார்க்கலாம், ரசிக்கலாம், வருத்தப்படலாம். தொட முடியாது. உப்புக்காற்றில் எந்த நெட்வொர்க் பெட்டியாவது மூச்சை நிறுத்திக்கொண்டால் அதற்கு மறுபடி மூச்சு கொடுக்கும் பொத்தான் பதினான்காவது அக்கவுண்டில் மட்டும் இருந்தது. அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. நாம் சொல்லாவிட்டால் அவனே சொல்லிவிடுவான்.

'வியூ ஒன்லி' என்பதற்கு அவன் வைத்த தமிழ்ப்பெயர் 'வேடிக்கை அக்கவுண்ட்'.

வேடிக்கைக்காரர்களில் தலையாயவர் எடைமேடை கிளார்க் கோதண்டம். ஐம்பத்து நான்கு வயது. லாரி ஏறினால் எடை பார்த்து கம்ப்யூட்டரில் அடிப்பார். எடை போய்ச் சேர்ந்தால்தான் கேட்டில் லாரியை விடுவார்கள். அவர் புள்ளி சிவந்தால் லாரிகள் எண்ணூர் ரோடு வரைக்கும் வால் பிடித்து நிற்கும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது மாடியறைக்கு போன் வரும்.

"தம்பீ... நம்ம புள்ளி செவப்பா கீதுபா. கொஞ்சம் பாக்குறியா?"

அந்தக் 'கொஞ்சம் பாக்குறியா'வை செங்குட்டுவன் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தான். சாயங்காலம் டீக்கடையில் கழுத்தை முன்னால் நீட்டி, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றி, காதில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, "தம்பீ... செவப்பா கீதுபா" என்பான். கேட்டில் வேலை பார்க்கும் அப்சல் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். ஆவண அறை நவ்ரீன் மட்டும் சிரிக்கமாட்டாள்.

"அவரு புள்ளிய அவரு கேக்குறாரு. உனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கொழுப்பு?" என்பாள்.

"கேக்கட்டும். நான் கேக்கவேணாம்னு சொல்லல. வாழ்நாள் பூரா ஒருத்தன் இன்னொருத்தனப் பாத்து 'கொஞ்சம் பாக்குறியா'ன்னு கேட்டுக்கினே இருந்தா அவன் மனுசனா, அறிவிப்புப் பலகையா? அதான் என் சந்தேகம்."

நவ்ரீன் வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். இருந்தும் அவளுக்கும் வேடிக்கைதான் கொடுத்திருந்தான். ஏன் என்று அவள் ஒரு தடவை கேட்டபோது, "ஒரு ஒறையில ரெண்டு அட்மின் இருந்தா புள்ளிக்குக் கொழப்பம் வரும்" என்று விளக்கம் சொன்னான். புள்ளியின் மனநிலையில் அவ்வளவு அக்கறை உள்ளவன்.

பெயர் விஷயத்திலும் அவனுக்குக் கொள்கை உண்டு. இனிஷியல் போடமாட்டான். ராஜா பெயர் வைத்தவனுக்கு முன்னால் ஓரெழுத்துக் காவல்காரன் எதற்கு என்பான். மேப்பிலும் அவன் அக்கவுண்ட் வெறும் 'செங்குட்டுவன்'.

இப்படி நாடு சுபிட்சமாக இருந்த நாளில், மேப்பின் புதிய பதிப்பு வந்தது.

அதைப் போட பெங்களூரிலிருந்து ஓர் ஆள் திங்கட்கிழமை வந்தான். அன்றைக்குப் பார்த்து செங்குட்டுவன் லீவு. விம்கோ நகரில் அக்கா குழந்தைக்குக் காது குத்து, மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். "நீ போயிட்டு வாடே, நான் பாத்துக்கிடுதேன்" என்று மேனேஜர் வெள்ளத்துரை அனுப்பிவைத்தார். வெள்ளத்துரைக்கு ஊர் தூத்துக்குடி. அன்று மாலையே ரயிலேறி ஊருக்குப் போய்விட்டார்; இனி வெள்ளிக்கிழமைதான் வருவார்.

செவ்வாய்க்கிழமை காலை செங்குட்டுவன் வந்து உட்கார்ந்து, பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அடித்தான். உள்ளே விட்டது. புது மேப்பு பளபளவென்று வந்தது. ஐந்தும் பச்சை. வழக்கம்போல் பொத்தான் இருக்கும் மூலைக்குப் போனான்.

பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினான். அழுந்தவில்லை. பக்கத்துப் பொத்தானும் சாம்பல். மேலே வரிசையாக எல்லாமே சாம்பல். திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: செங்குட்டுவன் – வியூ ஒன்லி.

அவன் அதை மூன்று தடவை படித்தான். கண்ணாடி போட்டவனாக இருந்தால் துடைத்திருப்பான்.

புதுப் பதிப்பில் யார் யாருக்கு என்னென்ன உரிமை என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பட்டியல் இருந்தது. திறந்தான். பழைய பதினான்கு பெயர்கள் கீழே கிடந்தன, பதினான்கும் வியூ ஒன்லி. மேலே புதிதாக ஒரு கூட்டம் ஏறி உட்கார்ந்திருந்தது. ஏ. பஷீர் என்று ஒருவர், கே. சுப்பராயன் என்று ஒருவர், யாரென்றே தெரியாத இன்னும் பலர். பெங்களூர் கம்பெனி ஆட்களாக இருக்கும் என்று தள்ளினான். அட்மின் என்று இரண்டே பேர். முதல் பெயர் என். ஹபீபுல்லா. வந்துபோன ஆள் அவனாகத்தான் இருக்கவேண்டும். மென்பொருள் போட்டவன் அட்மினாக இருப்பது நியாயம், மன்னிக்கலாம்.

இரண்டாவது பெயர்: எஸ். கோதண்டம்.

மாடியறையில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் செங்குட்டுவனுக்கு வியர்த்தது. வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டி, மேலே எண்ணெய்ச் சட்டியையும் வைத்த மாதிரி இருந்தது. எடைமேடைக்காரரின் வருகைப் பதிவேட்டுப் பெயர் சு. கோதண்டம். சு என்றால் எஸ். சந்தேகத்துக்கு ஒரு துளி இடமில்லை.

காரணம் தேட அவனுக்கு நேரமாகவில்லை. கோதண்டம் ஞாயிறு தவறாமல் காசிமேட்டில் மீன் வாங்கி மேனேஜர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். நேற்றுவரை அது மீன். இன்றைக்கு அது ஒரு மாபெரும் சதி. ஒரு வஞ்சிரத்துக்கு ஓர் அட்மின்! தான் இந்த யார்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் மேனேஜருக்கு ஒரு நெத்திலிகூடக் கொடுத்ததில்லையே என்று முதல்முறையாக வருந்தினான்.

பதினொரு மணிக்கு எடைமேடைப் புள்ளி சிவந்தது.

செங்குட்டுவன் போனையே பார்த்தான். இப்போது மணி அடிக்கும், 'தம்பீ' என்று வரும், அப்போது சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டான். போன் அடிக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. புள்ளி தானாகப் பச்சைக்கு மாறியது.

தானாக எங்கே மாறும்? அவரே மாற்றியிருக்கிறார்.

அன்று மதியமும் அப்படியே; சிவப்பு, மௌனம், பச்சை. புதன்கிழமையும் அப்படியே. இரண்டு வருஷமாக எரிச்சலூட்டிய அந்தப் போன் இப்போது அடிக்காமல் எரிச்சலூட்டியது. தன்னை யாரும் எதுவும் கேட்காத ஒரு நாள் எவ்வளவு நீளமானது என்பதை செங்குட்டுவன் அறிந்துகொண்டான். நடுவில் ஒருதடவை ரிசீவரைத் தூக்கி, லைன் உயிரோடு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தான். இருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் கோதண்டம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இதுவரை அவர் இப்படி உரிமையோடு காலை நீட்டி உட்கார்ந்தது உண்டா? செங்குட்டுவனுக்கு ஞாபகமில்லை. அட்மின் ஆனதும் முழங்காலுக்கு ஒரு தெம்பு வரும்போலிருக்கிறது.

"இன்னா பெரியவரே, மேப்பு எப்படி கீது?" என்று டீயை ஊதியபடி கேட்டான்.

"சோக்கா கீது தம்பி! எழுத்து நல்லா பெருசா தெர்து. முன்ன மாரி கண்ண இடுக்கிக்கினு பாக்கத் தேவல."

"இப்பல்லாம் எனுக்கு போன் பண்றதே இல்ல நீங்க."

"நீ இன்னாத்துக்குபா? அதான் இப்ப கைக்கெட்டுற தூரத்துல முடிஞ்சிடுதே. உன்ன வேற பேஜார் பண்ணிக்கினு."

கைக்கெட்டுற தூரம்! செங்குட்டுவன் டீயோடு அதையும் விழுங்கினான்.

"திடீர்னு இது எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

கோதண்டம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "எல்லாம் எங்க நைனா பேரு தம்பி."

"ஆங்?"

"ஆமாபா. அவரு செத்து இருபது வருசம் ஆவுது, மூலக்கொத்தளம் சுடுகாட்டுல கொண்டு வெச்சாச்சு. இப்ப பாரு, தெனம் காலீல அவரு பேரச் சொல்லித்தான் உள்ளயே போறேன். குந்திக்கினு அந்தப் பேரப் பாக்கசொல்லோ கண்ணு கலங்கிடுது."

செங்குட்டுவனுக்கு மேலே கேட்கத் தேவையிருக்கவில்லை. தகப்பன் செய்த புண்ணியமாம். தகப்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் உட்காருகிறாராம். மீனைக் கொடுத்துப் பதவி வாங்கியதும் அல்லாமல் அதற்குப் பரம்பரைப் பெருமை வேறா! அன்று அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "இன்னா மாமு, இன்னிக்கு 'செவப்பா கீது' இல்லியா?" என்று அப்சல் கேட்டான். காதில் விழாதவன்போல் நடந்தான். எதிரே வந்த நவ்ரீனுக்கும் முகம் கொடுக்கவில்லை. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா" என்று அவள் சொன்னது முதுகில்தான் பட்டது.

வியாழக்கிழமை அவன் ஒரு முடிவுக்கு வந்தான்.

அட்மின் உரிமை இல்லாதவனால் அட்மினை ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் வேடிக்கைக்காரனுக்கும் ஓர் ஆயுதத்தை அந்த மென்பொருள் விட்டுவைத்திருந்தது. யாருடைய பெயரைப் போட்டும் ஐந்து முறை தப்பான பாஸ்வேர்டு அடித்தால், அந்த அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும். இன்னோர் அட்மின் வந்து திறந்தால்தான் உண்டு. இன்னோர் அட்மின் பெங்களூரில் இருக்கிறான். வரட்டும், ரயில் பிடித்து வரட்டும்.

செங்குட்டுவன் கதவைச் சாத்தினான். எஸ்கோதண்டம் என்று அடித்தான். பாஸ்வேர்டு இடத்தில், ஆங்கில எழுத்தில், நிதானமாக 'வஞ்சிரம்' என்று அடித்தான். தவறு என்றது. 'எடைமேடை' என்று அடித்தான். தவறு. 'செவப்பா கீதுபா.' தவறு. 'நைனா பேரு.' தவறு. ஐந்தாவதற்குக் கொஞ்சம் யோசித்தான். ஓர் அரசனை வீழ்த்தும் கடைசிச் சொல்லுக்கு ஒரு கனம் வேண்டாமா? 'வேடிக்கை' என்று அடித்தான்.

இந்த அக்கவுண்ட் பூட்டப்பட்டுள்ளது என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

மூன்று நாளாக அடிவயிற்றில் கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய் அடங்கியது. அன்று அவன் மதியச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டான். சாம்பல் பொத்தான்கள்கூடக் கொஞ்சம் அழகாகத் தெரிந்தன. இனி புள்ளி சிவக்கட்டும். பெரியவர் தன் பெயரை அடிப்பார், திறக்காது, போனை எடுப்பார், "தம்பீ" என்பார். அப்போது, "பாக்குறேன் பெரியவரே, ஆனா எனக்கும் பவர் இல்லியே, பெங்களூருக்கு எழுதிப் போடுங்க" என்று குரலில் தேனைத் தடவிச் சொல்லவேண்டும். இரண்டு தடவை வாய்விட்டு ஒத்திகை பார்த்தான்.

நாலு மணிக்குப் புள்ளி சிவந்தது. செங்குட்டுவன் ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

நாலு மணி ஒரு நிமிஷத்துக்குப் பச்சையானது.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பட்டியலைத் திறந்து பார்த்தான். எஸ். கோதண்டம் பெயருக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தது. பூட்டை உடைக்கிற அளவுக்குக் கிழவர் கற்றுக்கொண்டுவிட்டாரா? அன்றிரவு அவன் சரியாகத் தூங்கவில்லை என்பதோடு அதை விட்டுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு வெள்ளத்துரை மாடியேறி வந்தார். கையில் ஒரு கருப்பட்டிப் பொட்டலமும் ஒரு பழுப்புக் கவரும்.

"இந்தா, கருப்பட்டி அம்மாட்ட குடு. கவரு ஒனக்கு. அந்தப் பெங்களூர்ப் பய மத்தவங்களுக்கெல்லாம் அன்னைக்கே குடுத்துட்டான். அட்மின் பாஸ்வேர்டுங்கதால ஆளு கையிலதான் குடுக்கணும்னான். ட்ராயர்ல வச்சுப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டேன். ஒண்ணும் கஷ்டமில்லையே?"

செங்குட்டுவன் கவரைக் கிழித்தான். உள்ளே சின்னச் சீட்டு. யூசர் பெயர்: எஸ்கோதண்டம். கீழே பாஸ்வேர்டு.

"சார், இது எடைமேடைக்காரரோடது சார். மாத்திக் குடுத்திட்டீங்க."

"எடைமேடைக்கு எதுக்குடே அட்மினு? அது ஒன்னோடது."

"கோதண்டம்னு போட்டிருக்கே சார்!"

வெள்ளத்துரை அவனைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். காது குத்து மாமனுக்கா குழந்தைக்கா என்று சந்தேகம் வந்தவர்போல் கேட்டார்:

"ஒங்க அப்பா பேரு என்னடே?"

செங்குட்டுவன் வாயைத் திறந்தான். வீட்டில் அவர் 'நைனா'. தெருவில் துறைமுகத்து 'கிரேன்காரர்'. ரேஷன் கார்டில் மட்டும்தான் அவர் கோதண்டம். எடைமேடைக்காரருக்கும் தன் தகப்பனுக்கும் ஒரே பெயர் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கவனித்து, மறந்தும் போயிருந்தான். இனிஷியலைக் கழற்றிப் போட்டவனுக்கு அதை ஞாபகம் வைத்திருக்க அவசியமும் இல்லை.

"புது மேப்பு கடைசிப் பேரு இல்லாம ஆளச் சேக்காதாம். நம்மளுக்கு ஏதுடே கடைசிப் பேரு? ரெஜிஸ்டரப் பாத்து எல்லாருக்கும் அப்பன் பேரப் போட்டுட்டான். நீ செங்குட்டுவன் கோதண்டம், அதான் எஸ். கோதண்டம். நம்ம எடைமேடைக்காரரு கோதண்டம் சுப்பராயன், கே. சுப்பராயன் ஆயிட்டாரு. அப்பா பேரு டிவில வார மாதிரி தெரியுதுன்னு அந்த மனுசன் அழுதுட்டாரு, பாத்துக்கோ. அப்சலு, பஷீர் ஆயிட்டான். நவ்ரீனு ஹபீபுல்லா. நீ லீவு போட்டா ஆளு வேணும்லா? அதான் அந்தப் பிள்ளைக்கும் ஒரு அட்மின் போடச் சொன்னேன். எடைமேடைக்குப் பக்கத்து அறைதானே அவளுக்கு. சன்னல்ல தட்டிச் சொன்னாலே போதும், சரி பண்ணிடுதாளாம்."

ஒவ்வொரு வாக்கியமும் செங்குட்டுவன் மண்டையில் ஒரு கண்டெய்னராக இறங்கியது. மூன்று நாள் தான் பொறாமைப்பட்டு வெந்தது யாரைப் பார்த்து என்று ஒரு கணக்குப் போட்டான். ஆள் அறையிலேயே இருந்தான்.

அப்போது வெள்ளத்துரை திரையைப் பார்த்து, "ஏ, எடைமேடை செவந்துட்டுல்லா!" என்றார்.

செங்குட்டுவன் பார்த்தான். சிவந்திருந்தது. கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பதிலாக ரோட்டில் நாலு லாரிகள் அடித்தன.

"அடிடே, அந்தப் புது பாஸ்வேர்ட அடி. ஒனக்கு அந்தப் பொத்தான் இல்லாம கை அரிச்சிருக்குமே!"

செங்குட்டுவனின் கை அரிக்கவில்லை. சீட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தான். இந்த அக்கவுண்ட் பூட்டப்பட்டுள்ளது என்று சிவப்பில் வந்தது. உடலைச் சாய்த்துத் திரையை மறைத்துக்கொண்டான். ஏன் பூட்டியது என்று கேட்டால், ஐந்து தடவை அடித்தது யார் என்று வரும். யார் என்று வந்தால், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று வரும். அதையெல்லாம் மேப்பு குறித்து வைக்கும் என்று இதே மேனேஜருக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான்.

"ஆச்சா?"

"ஆவுது சார். புதுசு இல்லியா, உள்ள போவ நேரம் எடுக்குது."

ஹாரன்கள் இப்போது கூட்டமாகச் சேர்ந்து பாட ஆரம்பித்தன. வெள்ளத்துரை வெளி வராந்தாவுக்குப் போய், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, "ஏலேய், சத்தத்த நிப்பாட்டுங்கல! மேல நம்ம அட்மின் பாத்துக்கிட்டு இருக்கான்!" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார்.

செங்குட்டுவன் போனை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஆவண அறை எண்ணைச் சுழற்றினான்.

"இன்னாபா, அதிசயமா கீது?" என்றாள் நவ்ரீன். "மூணு நாளா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு திரிஞ்ச. இன்னா வோணும்?"

வராந்தாவில் வெள்ளத்துரையின் முதுகு தெரிந்தது. செங்குட்டுவன் கழுத்தை முன்னால் நீட்டி, வாயை ரிசீவரோடு ஒட்டிவைத்துக்கொண்டான்.

"நவ்ரீனு... எடைமேடைப் புள்ளி செவப்பா கீதும்மா," என்றான், காற்றுக்கும் கேட்காத குரலில். "கொஞ்சம் பாக்குறியா?"